நீல வெளிச்சத்தில் அத்தான்

அத்தானின் முகத்தை நினைத்தால் எனக்கு அது நீலமாகத்தான் ஞாபகம் வருகிறது. நெற்றி நீலம், மூக்கு நீலம், சட்டைக் காலர் நீலம். சிரித்தால் பல் மட்டும் பளீரென்று மின்னும். அசலில் அவர் நல்ல மாநிறம். சந்தேகம் இருந்தால் கல்யாண ஆல்பத்தைப் பார்க்கலாம். இப்போது அவருக்குச் சைக்கிள் பைத்தியம். தலைக்கவசமும் இறுக்கமான காற்சட்டையுமாக அலைகிறார். அதைப் பற்றி வேறு யாராவது எழுதிக்கொள்ளட்டும். எனக்குத் தெரிந்தவர் தொட்டிக்காலத்து அத்தான்.

என் அக்காவின் கணவர். சிங்கப்பூரில், சுவா சூ காங்கில் நாலறை வீடு. அந்த வீட்டுக் கூடத்தில் ஒரு சுவரை முழுதாக அடைத்துக்கொண்டு நின்றது அந்தக் கண்ணாடித் தொட்டி. யாராவது தெரியாத்தனமாக "மீன் வளக்குறீங்களா?" என்று கேட்டுவிட்டால் அவருக்கு முகம் சுருங்கிவிடும்.

"மீன் இல்ல மா. ரீஃப். கோரல் ரீஃப்."

மீனும் இரண்டு இருந்தன. அவற்றை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை. கணக்கில் சேர்ந்தவை பவளங்கள். கல்லில் ஒட்டிக்கொண்டு, குட்டிக் காளான் மாதிரியும் சட்டைப் பொத்தான் மாதிரியும் விரலைக் கூட்டிப் பிடித்த மாதிரியும் இருக்கும். எல்லாம் உயிருள்ளவை. அவற்றின் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது, அந்தப் பாசி வெளிச்சத்தைத் தின்று சமைத்துப் போடுவதைத்தான் பவளம் சாப்பிடுகிறது, ஆகவே வெளிச்சம்தான் சோறு, வெளிச்சம் தப்பாகப் போனால் எல்லாம் போச்சு. இதை அத்தான் எனக்குச் சொன்ன தடவைகளை எண்ண முடியாது. ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்வதுபோல் கையை விரித்து, குரலைத் தாழ்த்திச் சொல்வார். நானும் தலையாட்டுவேன். வேறு என்ன செய்வது, அக்கா வீட்டுக்காரர்.

அவரை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுநிலைமை தேடுகிறவர்கள் வேறு பக்கம் போகலாம். எங்கள் அம்மாவுக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

"குடிக்கிறாரா? சீட்டு ஆடுறாரா? ஊர் மேயுறாரா? வீட்ல உக்காந்து மீன்தானே வளக்குறாரு மாப்பிள்ளை. இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கிக்கிட்டு அலையுறியே."

எங்கள் குடும்பத்தில் ஆண்களுக்கு நற்சான்றிதழ் வாங்குவது அவ்வளவு சுலபம். எதையெல்லாம் செய்யவில்லை என்று சொன்னால் போதும்.

எங்கே போனாலும் அத்தான் முதலில் கூரையைத்தான் பார்ப்பார். மனிதர்களைப் பிறகு பார்ப்பார், நேரமிருந்தால். கேலாங் சிவன் கோயிலில் ஒருநாள் குருக்கள் கற்பூரம் காட்டிக்கொண்டு வருகிறார், எல்லோரும் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம், இவர் அக்காவின் பக்கம் சாய்ந்து, "ரொம்ப யெல்லோவா இருக்கு, இல்ல?" என்றார். சாமி என்ன நினைத்ததோ. உறவில் ஒரு பெரியவர் தவறிப்போய் அடுக்குமாடிக்குக் கீழே பந்தல் போட்டு உடலை வைத்திருந்தார்கள். மகள் பெட்டியைப் பிடித்துக்கொண்டு கதறுகிறாள். அத்தான் தலையைத் தூக்கி மேலே இருந்த குழல் விளக்குகளைக் கொஞ்ச நேரம் ஆராய்ந்தார். பிறகு என்னிடம் வந்து, "கூல் வைட் போட்டுட்டாங்க. அதான் முகம் ரொம்ப வெளிறித் தெரியுது. வார்ம் போட்டிருந்தா இவ்ளோ மோசமாத் தெரியாது லா," என்றார். செத்தவர் முகம் வெளிறித்தான் இருக்கும் அத்தான் என்று சொல்ல வாய் வந்தது. சாவு வீடு என்பதால் விழுங்கிக்கொண்டேன்.

அவர் வீட்டில் சாப்பிடப் போவது ஒரு தண்டனை. தொட்டி விளக்கு எரியும் நேரத்தில் கூடத்தில் வேறு விளக்குப் போடக் கூடாது. அவர் வேலை முடிந்து வந்து படுக்கப் போகும்வரை தொட்டி எரியும்படி கைப்பேசியில் நேரம் குறித்து வைத்திருந்தார். அதாவது பவளத்துக்கு எப்போது பகல் என்பது அத்தானுடைய ஆபீஸ் நேரத்தைப் பொறுத்தது. வெள்ளை விளக்கைப் போட்டால் பவளத்தின் நிறம் செத்துவிடும், நீலத்தில்தான் அது பச்சையும் ஆரஞ்சுமாக ஒளிரும். திரைச்சீலையும் எந்நேரமும் மூடியே கிடக்கும். ஆக நாங்கள் நீல இருட்டில் உட்கார்ந்து சாப்பிடுவோம். சோறு நீலமாக இருக்கும். மீன் குழம்பு தார் மாதிரி கறுப்பாக இருக்கும். ஒரு தடவை என் கணவர் பீன்ஸ் என்று நினைத்து ஒரு முழுப் பச்சை மிளகாயைக் கடித்துவிட்டுக் கண்ணில் நீர் வழிய உட்கார்ந்திருந்தார். நீல வெளிச்சத்தில் கண்ணீர்கூட யாருக்கும் தெரியவில்லை. அத்தான் அவரிடம் ஆரஞ்சு நிறக் கண்ணாடி ஒன்றை நீட்டி, "இதப் போட்டுட்டுப் பாருங்க, அந்த மூலையில இருக்கிறது அப்பிடியே நெருப்பு மாதிரி தெரியும்," என்றார். வந்தவர்களுக்குக் கொடுக்க அந்தக் கண்ணாடிகள் ஒரு கூடை நிறைய வைத்திருந்தார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்க மாட்டார். கண்ணாடி கொடுப்பார்.

நான் சிராங்கூன் சாலைக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு மின்சாமான் கடையில் வேலை பார்க்கிறேன். குழல் விளக்கு, பல்பு, சுவிட்ச், மின்விசிறி. முதலாளி பாய், அவருடைய தாத்தா காலத்திலிருந்தே நாகூர்ப் பக்கமிருந்து வந்து இங்கே கடை வைத்திருக்கிறார்கள். அத்தான் புது விளக்குத் தேடிக்கொண்டிருந்த காலத்தில் ஒருநாள் கடைக்கு வந்தார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, நம் தொழிலுக்கு வந்து கேட்கிறாரே என்று.

"நம்ம கிட்டயும் புது எல்இடி வந்திருக்கு அத்தான். பாருங்க."

அவர் பெட்டியை எடுத்து, திருப்பி, மூக்கைச் சுருக்கிவிட்டுத் திரும்ப வைத்தார்.

"இதெல்லாம் மனுஷங்களுக்கு மா. மனுஷங்களுக்கு எதப் போட்டாலும் போதும். தட்டுத்தடுமாறாம நடந்தாச் சரி."

கடையில் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். பாய் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்து, "அப்ப நாங்க இத்தன வருஷமா வேலையத்த வேலையா பாத்துக்கிட்டு இருக்கோம் தம்பி?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அத்தானும் சிரித்தார். தன்னைச் சொல்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அது ஒரு வரம்.

விளக்குத் தேர்ந்தெடுக்க அவர் எடுத்துக்கொண்ட காலத்தில் ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்து, கல்யாணம் முடித்து, வளைகாப்பும் நடத்திவிடலாம். சாப்பிடும்போது வீடியோ, எம்ஆர்டி ரயிலில் வீடியோ, கழிப்பறையில் வீடியோ. கேட்டால் முறையாகத்தான் சொல்வார். முதலில் தொட்டியில் என்ன உயிர் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். காளான் பவளமும் பொத்தான் பவளமும் கடலில் சற்று ஆழத்தில், மங்கலில் வாழ்கிறவை. அவற்றுக்கு மிதமான விளக்குப் போதும். கிளை கிளையாக வளரும் முரட்டுப் பவளங்கள்தான் மேல்மட்டத்து வெயிலைக் கேட்கும். தண்ணீர் எவ்வளவு ஆழம், விளக்கை எவ்வளவு உயரத்தில் தொங்கவிடுவது, மூலைவரை வெளிச்சம் பரவுமா, ஒரு நாளைக்கு எத்தனை நேரம். எல்லாம் மனப்பாடம். அவரிடம் கேட்டுக்கொண்டு வேறு யாராவது விளக்கு வாங்கியிருந்தால் நன்றாக வாங்கியிருப்பார்கள்.

அத்தான் வாங்கியது, அமெரிக்காவில் எவனோ ஒருவனுடைய வீடியோவில் மிக அழகாகத் தெரிந்த விளக்கை. அந்த ஆளுடைய தொட்டி பெரியது, அதிலிருந்தவை முரட்டுப் பவளங்கள். அத்தானிடம் இருந்ததெல்லாம் மங்கலில் வாழ்கிற மெத்துப் பவளங்கள். விளக்குக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்து அவர் வாங்கவில்லை. எதிரே நின்று பார்ப்பவன் வாயைப் பிளப்பானா என்று பார்த்து வாங்கினார். அவர் எதையுமே அப்படித்தான் செய்வார்.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அத்தானைப் பற்றிய எழுத்தில் அக்கா இவ்வளவு தாமதமாக வருவதும் அந்த வீட்டு வழக்கப்படிதான்.

அக்கா காலையில் ஒரு பாலர் பள்ளியில் வேலை பார்ப்பாள். சாயங்காலம் ரவிக்கை தைப்பாள். எங்கள் பக்கத்தில் கல்யாணம் என்றால் அக்காவிடம் துணியைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். கழுத்து இழுக்காது, கை பிடிக்காது. பள்ளி வேலை சம்பளத்துக்கு. தையல் அவளுக்காக. மகள் படிக்க ஆஸ்திரேலியாவுக்குப் போனபிறகு அவளுக்குப் பேச்சுத்துணை அந்த மெஷின்தான்.

மெஷின் கூடத்து மூலையில், தொட்டிக்கு நேரெதிரே இருந்தது. அதற்கு மேலே ஒரு குழல் விளக்கு இருந்தது. தொட்டி வந்ததும் அத்தான் அந்தக் குழலைக் கழற்றிவிட்டார், கண்ணாடியில் பிரதிபலிக்கிறதாம். மகளுடைய அறைக்குப் போகலாம் என்றால் அங்கே தொட்டிக்கு வேண்டிய உப்பு வாளிகளும் மோட்டார்களும் தண்ணீர்க் குழாய்களும். சமையலறையில் பட்டுத்துணியை விரிக்க முடியாது. மெஷினிலேயே ஊசிக்கு மேல் ஒரு குட்டி பல்பு இருக்குமே, அதுதான் மிச்சம். அதையும் ஒருநாள் தொட்டிக் கண்ணாடியில் புள்ளியாகத் தெரிகிறது என்று சொல்லி, நீல செலோபன் காகிதத்தைச் சுற்றி ரப்பர் வளையம் போட்டுவிட்டார்.

"இப்ப பாரு, உனக்கும் வெளிச்சம், எனக்கும் டிஸ்டர்ப் இல்ல," என்றார். ஏதோ பெரிய சமாதான ஒப்பந்தம் செய்துவைத்தவர் மாதிரி.

அக்கா பழகிக்கொண்டாள். அவளுக்கு எதையும் பழகிக்கொள்ளத் தெரியும். அது அவளுடைய பெரிய குறை.

அந்தத் தீபாவளிக்கு முன்னால் ஈசூனிலிருந்து ஓர் அம்மா தன் மகளின் கல்யாணத்துக்கு இரண்டு பட்டு ரவிக்கை கொடுத்தார்கள். ஒன்று அரக்குச் சிவப்பு, இன்னொன்று கரும்பச்சை. அக்கா இரண்டையும் தைத்து, மடித்து, பையில் போட்டுக் கொடுத்தாள். அந்த அம்மா வாசலில் நின்றபடியே வெளியே எடுத்துத் தாழ்வாரத்து வெயிலில் பிரித்துப் பார்த்தார்கள். நானும் அன்று அங்கே இருந்தேன்.

சிவப்பு ரவிக்கையின் ஓரமெல்லாம் பச்சை நூல். பச்சை ரவிக்கையின் ஓரமெல்லாம் சிவப்பு நூல்.

அந்த அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லாத் தைக்கிறவங்க நீங்க. கண்ணைக் கொஞ்சம் செக் பண்ணிக்கோங்க மா," என்றார்கள்.

அக்கா முழுவதையும் பிரித்து மறுபடி தைத்துக் கொடுத்தாள், பள்ளிக்கு லீவு போட்டு, பகலில், தாழ்வாரத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு. ஆனால் அந்த ஒரு சொல் அவளுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. காரணம் இருந்தது. எங்கள் அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் இரண்டு கண்ணும் போய்விட்டது. அவரைக் கையைப் பிடித்துக் குளியலறைக்குக் கூட்டிக்கொண்டு போனது, சோறு பிசைந்து ஊட்டியது எல்லாம் அக்காதான். அது பரம்பரையாக வரக்கூடியது என்று அப்போது டாக்டர் சொன்னதை அவள் மறக்கவே இல்லை.

தேக்காவில் எனக்குத் தெரிந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்கு அழைத்துக்கொண்டு போனேன். எழுத்துகளைப் படிக்கச் சொன்னார்கள், நிறப் புள்ளிகளுக்குள் எண்ணைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள், கண்ணுக்குள் காற்றை ஊதினார்கள். ஒரு குறையும் இல்லை என்றார்கள். கண் டாக்டரிடமும் போனோம். அவரும் அதையேதான் சொன்னார்.

"அப்பாவுக்கும் மொதல்ல ஒண்ணுமில்லன்னுதான் சொன்னாங்க," என்றாள் அக்கா. பேருந்தில் என் தோளில் சாய்ந்துகொண்டாள். அவள் அப்படியெல்லாம் சாய்கிறவள் அல்ல.

பிறகு அவளே ஒரு பரிசோதனை வைத்துக்கொண்டாள். தினமும் சாயங்காலம் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, சிவப்பு நூல்கண்டையும் பச்சை நூல்கண்டையும் மடியில் போட்டுக் கலக்கி, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பாள், மறுகண்ணை மூடிப் பார்ப்பாள். எது எது என்று சொல்ல முடியாது. மறுநாள் மறுபடியும். ஒவ்வொரு நாளும் தோற்றாள். ஒருநாள் நான் போயிருந்தபோது என் கண்ணெதிரே அதைச் செய்தாள். எதிரில் அத்தான் முக்காலியில் உட்கார்ந்து தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் அந்த நூல்கண்டுகள் இரண்டும் கறுப்பாகத்தான் தெரிந்தன. இருட்டாக இருக்கிறதே, அதனால்தான் என்று நினைத்தேன்.

"தெரியல," என்றாள் அக்கா.

அத்தான் திரும்பாமலே, "வயசாகுதுல்ல மா. விட்ரு. எதுக்குக் கஷ்டப்படுற?" என்றார்.

அக்கா விட்டுவிட்டாள். மெஷினுக்கு உறை போட்டு மூடினாள். தீபாவளி ரவிக்கைக்கு வந்தவர்களிடமெல்லாம் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள். பள்ளியிலும் குழந்தைகளின் கையைப் பிடித்துப் படியிறங்கப் பயப்பட ஆரம்பித்தாள். தனக்குப் பார்வை போகப்போகிறது என்று அவள் முடிவுக்கு வந்துவிட்டாள். கண்ணாடிக் கடைக்காரரும் டாக்டரும் சொன்னதைவிட அந்தக் கூடத்து வெளிச்சத்தை நம்பினாள்.

தீபாவளிக்குச் சில நாள் முன்பு புது விளக்கு வந்தது. புது விளக்கை முதலில் குறைவாக வைத்து, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் பவளம் தாங்காது என்று அவருடைய வாட்ஸ்அப் குழுவிலேயே எல்லோரும் எழுதியிருந்தார்கள். அவரே மற்றவர்களுக்கு அப்படி எழுதியவர்தான்.

"தீபாவளிக்கு ஆளுங்க வர்றாங்க. மங்கலாவா காட்ட முடியும்?" என்று முழு வெளிச்சத்தில் வைத்துவிட்டார்.

தீபாவளியன்று அக்கா வாங்கி வைத்திருந்த அகல் விளக்குகளைக் கூடத்தில் ஏற்ற அனுமதி கிடைக்கவில்லை. மஞ்சள் வெளிச்சம் கலந்தால் படம் கெட்டுவிடும். விளக்குகள் வெளியே தாழ்வாரத்தில், செருப்பு அலமாரிக்கு மேலே வரிசையாக எரிந்தன. தீபாவளிக்கு வீட்டுக்குள் விளக்கேற்றாத தமிழ்க் குடும்பம் சிங்கப்பூரில் அது ஒன்றாகத்தான் இருக்கும். காரணம், உள்ளே வெளிச்சத்தைப் பற்றி எல்லாம் தெரிந்த ஒருவர் இருந்தார்.

வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். ஆரஞ்சுக் கண்ணாடிகள் கைமாறின. அத்தானுடைய அலுவலக நண்பரின் மனைவி நல்ல சிவப்புப் பட்டு உடுத்தி வந்திருந்தார். அத்தான் அவரைத் தொட்டிக்கு முன்னால் நிற்கச் சொன்னார்.

"சிஸ்டர், உங்க சேலை என்ன கலர்?"

"சிவப்பு."

"ஷூரா?" என்று கேட்டுவிட்டு, வந்தவர்களுக்காகப் போட்டிருந்த வாசல் விளக்கையும் அணைத்தார். சேலை கறுப்பாகிவிட்டது. கூட்டம் ஓவென்றது.

"இந்த லைட்ல சிவப்பே கிடையாது. லைட்ல இருந்தாத்தானே கண்ணுக்கு வரும்! எவ்ளோ நல்ல கண்ணா இருந்தாலும் தெரியாது. டாக்டர் வந்து பாத்தாலும் கறுப்புத்தான்."

எல்லோரும் கைதட்டினார்கள். அக்கா முறுக்குத் தட்டோடு சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"அப்ப பச்சை?" என்று கேட்டாள்.

"என்ன?"

"கரும்பச்சை. அது எப்படித் தெரியும்?"

அத்தானுக்கு உற்சாகம் தாங்கவில்லை. அக்கா தொட்டியைப் பற்றி ஒரு கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை.

"குட் கொஸ்டின்! கரும்பச்சையும் கறுப்புதான். சிவப்பையும் அதையும் பக்கத்துல வச்சா ஒருத்தராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது."

அக்கா தட்டை எல்லோருக்கும் நீட்டிக்கொண்டு ஒரு சுற்று வந்தாள். எனக்குத்தான் காதெல்லாம் சூடாகிவிட்டது. விருந்தாளிகள் நகர்ந்ததும் அத்தானைத் தனியாகப் பிடித்தேன்.

"அக்கா கண்ணு போகுதுன்னு இத்தன நாளா அழுதுக்கிட்டு இருக்கு. உங்களுக்கு இது தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

அவர் உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். பிறகு, "அவ கேக்கலயே மா," என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. மறைக்கவும் இல்லை. எதிரே உட்கார்ந்து ஒருத்தி தினமும் நூல்கண்டைப் பார்த்து அழுததும், தனக்குத் தெரிந்த இந்த விஷயமும் அவர் தலைக்குள் சந்திக்கவே இல்லை, அவ்வளவுதான். கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால்கூட நான் அவரை ஒருநாள் மன்னித்திருப்பேன். கெட்ட எண்ணம் என்றாலும் அக்காவைப் பற்றி ஓர் எண்ணம் இருந்தது என்றாகுமே.

அடுத்த வாரம் முழுக்க அத்தான் ஆனந்தத்தில் மிதந்தார். புது விளக்கில் பவளமெல்லாம் முன்னைவிட அதிகமாக ஒளிர்கிறதாம். குழுவுக்கெல்லாம் படம் அனுப்பினார். எனக்கும் வந்தது. "கலர் ஏறியிருக்கு பாத்தியா?" என்று கீழே எழுதியிருந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் அக்கா கடைக்கு வந்தாள். இரண்டு பக்கமும் அடுக்கியிருந்த விளக்குப் பெட்டிகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பாய், "என்னம்மா வேணும்?" என்று கேட்டார்.

"மனுஷங்களுக்குன்னு லைட் வச்சிருக்கீங்களாமே," என்றாள் அக்கா. "அதுல ஒண்ணு குடுங்க."

அதை நான் என்றைக்கோ சிரிப்பாகச் சொல்லியிருந்தேன். அவள் சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். பாய் எழுந்து வந்து, தானே பெட்டியைப் பிரித்து, குழலை மாட்டி எரியவிட்டுக் காட்டினார்.

சாயங்காலம் அவளோடு நானும் போனேன். அத்தான் வழக்கம்போல் முக்காலியில், கைப்பேசியில் ஆரஞ்சு வில்லையை மாட்டிப் படமெடுத்துக்கொண்டிருந்தார். அக்கா சாப்பாட்டு மேசை நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறினாள். நான் பிடித்துக்கொண்டேன். பழைய சட்டம் கூரையிலேயே இருந்தது. குழலைச் செருகித் திருப்பினாள்.

"என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?"

"தைக்கணும்," என்றாள் அக்கா.

"இப்பவா? டேங்க் ஓடிக்கிட்டு இருக்கு லா. காலைல பாத்துக்கக் கூடாதா?"

அவள் இறங்கி சுவிட்சைப் போட்டாள். வெள்ளை வெளிச்சம் வந்தது. அந்தக் கூடத்தில் வெள்ளைச் சுவரைப் பார்த்தே எத்தனையோ காலமாகியிருந்தது. மெஷின் உறையை எடுத்தாள், குட்டி பல்பிலிருந்து செலோபனை உரித்துப் போட்டாள், நூல்கண்டுகளை மேசையில் கொட்டினாள். ஆனாலும் எதிரிலிருந்து வந்த நீலம் எல்லாவற்றின் மேலும் பூசிக்கொண்டுதான் இருந்தது. அக்கா ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு நேரே போய், தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் அந்தப் பெரிய விளக்கின் சுவிட்சை அணைத்தாள்.

அவளுக்குப் பவளத்தைப் பற்றிய நினைப்பே இல்லை. சிவப்பு நூல் எது, பச்சை நூல் எது என்று பார்க்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

தொட்டியைப் பார்த்தது நான்தான். காளான், பொத்தான், விரல், எல்லாம் வெள்ளை. சுண்ணாம்பு வெள்ளை. நிறம் தருகிற பாசியெல்லாம் வெளியேறி, வெறும் தோல் மட்டும் கல்லில் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த விளக்கு அவற்றை நாள்கணக்கில் பொசுக்கியிருக்கிறது. சாகிற நேரத்தில் நீலத்தில் இன்னும் பளபளத்திருக்கின்றன. அதைத்தான் அத்தான் ஊருக்கெல்லாம் படம் பிடித்து அனுப்பிக்கொண்டிருந்தார்.

அத்தான் எழுந்து நின்றார். தொட்டி வந்தபிறகு முதல் தடவையாக அவருடைய முகத்தை நான் அந்த வீட்டில் அதன் சொந்த நிறத்தில் பார்த்தேன். அந்த உயிர்களுக்காக எனக்கு வருத்தமாக இருந்தது. அவருக்காக இல்லை. நன்றாக வேண்டும் என்றுதான் இருந்தது. தொட்டிக்குள் கையை விடுவார், தண்ணீரைச் சோதிப்பார், "ஐயோ" என்றாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

"வெள்ளை லைட்ட அணை," என்றார். "அத அணைச்சுட்டு இதப் போடு."

அக்கா மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். நூல் நுனியை நாக்கில் நனைத்து, ஊசிக் கண்ணுக்கு நேராகக் கொண்டுபோனாள். முதல் தடவையிலேயே போய்விட்டது. அவள் அதை ஒரு கணம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு சிவப்பு ரவிக்கையின் கைத்துணியை ஊசிக்கடியில் தள்ளினாள்.

"இருங்க," என்றாள். "இந்தக் கைய முடிச்சுக்கிறேன்."

ஒரு கையை முடித்துவிட்டு, அவள் இன்னொரு கையையும் எடுத்தாள்.